‘முதல் பாகம் மாதிரி வராது’ என்று சொல்வதற்கு முன்: கொள்ளைப் படத்தின் இரண்டாம் பாகத்தை எடைபோடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற கோடையில், மதுரை செல்லூரில் ஒரு நண்பரின் மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, அடுத்தடுத்த இரண்டு சனிக்கிழமை இரவுகளில் ‘ஓஷன்ஸ் லெவன்’ படத்தையும் அதன் இரண்டாம் பாகமான ‘ஓஷன்ஸ் ட்வெல்வ்’ படத்தையும் திரையிட்டோம். முதல் வாரம் படம் முடிந்ததும் கைதட்டினார்கள். இரண்டாம் வாரம் முடிந்தபோது, முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த கல்லூரித் தம்பி ஒருவர் எழுந்து, “அண்ணே, நம்மளையும் சேத்துல்ல ஏமாத்திட்டாய்ங்க” என்றார். அதன்பின் விளக்கைப் போட்டு ஒரு மணி நேரம் பேசினோம். அன்று சொல்லப்பட்ட குறைகள் பத்துக்கு மேல் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை அந்தப் படத்தின் மேல் ஏற்றிவைக்கப்பட்ட குறைகள் என்றும், அந்தத் தம்பி சொன்ன ஒன்றுதான் படத்தைப் பிடித்து உலுக்கக்கூடிய உண்மையான குறை என்றும் எனக்குத் தோன்றியது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்காக இதை எழுதுகிறேன். இரு படங்களின் ரகசியங்களும் இங்கே உடைக்கப்படும் என்பதால், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

முதல் பாகத்தை மூலவர் சிலை போல அசையாத இடத்தில் வைத்துவிட்டு இரண்டாம் பாகத்தை அதன் முன் நிறுத்துவதுதான் எல்லோரும் முதலில் செய்யும் தவறு. 2001-இல் ஸ்டீவன் சோடர்பெர்க் இயக்கிய ‘ஓஷன்ஸ் லெவன்’ படமே ஒரு மறு ஆக்கம்தான். அதே பெயரில் 1960-இல் பிராங்க் சினாட்ரா, டீன் மார்ட்டின், சாமி டேவிஸ் ஜூனியர் ஆகியோர் நடித்த படம் வந்திருக்கிறது. புத்தாண்டு இரவில் லாஸ் வேகாஸின் ஐந்து சூதாட்ட விடுதிகளை ஒரே நேரத்தில் கொள்ளையடிப்பது அதன் கதை. கடைசியில் சவப்பெட்டிக்குள் ஒளித்துவைத்த பணம் பிணத்தோடு சேர்ந்து எரிந்து சாம்பலாகும். சோடர்பெர்க் அந்த முடிவைத் தூக்கி எறிந்தார். ஐந்து விடுதிகளை மூன்றாக்கினார். பெயரையும், நட்சத்திரக் கூட்டம் என்ற எண்ணத்தையும், பதினொருவர் என்ற கணக்கையும் மட்டும் வைத்துக்கொண்டார். முந்தைய படத்தைத் துணிந்து மாற்றியதால்தான் அவருடைய படம் நின்றது. அதே இயக்குநர் 2004-இல் தன்னுடைய படத்தையே மாற்ற முனைந்தபோது அதைத் துரோகமாகக் கருதுவது நியாயமாகாது.

‘அதே மாதிரி இன்னொரு கொள்ளை இல்லையே’ என்ற ஏமாற்றமும் இதையொட்டியதுதான். முதல் பாகத்தில் கூட்டத் தலைவன் டேனி ஓஷனின் ஆட்கள் 16 கோடி டாலரை அடித்துக்கொண்டு போகிறார்கள். இரண்டாம் பாகத்தில் பணத்தைப் பறிகொடுத்த சூதாட்ட விடுதி முதலாளி டெரி பெனடிக்ட் ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் வந்து நின்று, அசலையும் வட்டியையும் இரண்டு வாரத்தில் எடுத்து வைக்கச் சொல்கிறான். ஆக, முதல் படம் வேட்டைக்காரர்களின் கதை. இரண்டாவது படம் கடன்காரர்களின் கதை. வட்டிக்குப் பணம் கொடுத்தவன் வாசலில் வந்து நின்றால் ஒரு குடும்பத்தின் பேச்சும் நடையும் எப்படி மாறிப்போகும் என்பதை மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவர்கள் முகத்தில் முதல் பாகத்தின் மிடுக்கு இல்லை, திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்கின்றன, பாதிப் படத்தில் பாதிப் பேர் சிறைக்குப் போய்விடுகிறார்கள் என்றெல்லாம் அன்று மாடியில் குறை சொன்னவர்கள், படம் எதைச் சொல்ல வந்ததோ அதையே குறையாகச் சொன்னார்கள். இன்னொரு செய்தியும் இங்கே உதவும். ஜார்ஜ் நால்ஃபி எழுதிய இதன் திரைக்கதை, முதலில் ஓஷன் கூட்டத்தோடு தொடர்பே இல்லாத தனிக் கதையாக, அமெரிக்கத் திருடனுக்கும் ஐரோப்பியத் திருடனுக்கும் இடையிலான போட்டியாக எழுதப்பட்டது. பிறகுதான் அது இந்தக் கூட்டத்துக்கு ஏற்ப மாற்றப்பட்டது. கூட்டத்தில் சிலருக்கு வேலையே இல்லாமல் போனதன் காரணம் ஓரளவு இதில் இருக்கிறது.

நட்சத்திரங்களைப் பற்றிய தவறு கொஞ்சம் நுட்பமானது. ஜார்ஜ் குளூனி, பிராட் பிட், மேட் டேமன், ஜூலியா ராபர்ட்ஸ், ஆண்டி கார்சியா, டான் சீடில், பெர்னி மேக் என்ற முதல் பாகப் பட்டியலோடு இரண்டாம் பாகத்தில் கேத்தரின் ஜீட்டா-ஜோன்ஸும் வின்சென்ட் கசலும் சேர்ந்தார்கள். பார்ப்பவர் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த முகம் எத்தனை நிமிடம் வந்தது என்று எண்ணத் தொடங்கி, குறைவாக வந்தால் படமே குறைவு என்று முடிவு கட்டுகிறார். மதுரையைச் சுற்றிய ஊர்களில் திருவிழாவுக்கு ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்று தெரியும். சங்கரதாஸ் சுவாமிகளின் வழியில் வந்த ‘வள்ளி திருமணம்’ நாடகத்துக்கு ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும், பபூன் வேறோர் ஊரிலிருந்தும் வந்து, பல சமயம் அன்று இரவு மேடையில்தான் சந்தித்துக்கொள்வார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியே பேர் பெற்றவர்கள். ஆனால் விடியவிடிய உட்கார்ந்திருக்கும் சனம் பார்ப்பது ஒருவர் எவ்வளவு நேரம் நின்றார் என்பதை அல்ல. வள்ளி எடுத்துவிடும் கேள்விக்கு முருகன் எப்படிப் பதில் கட்டுகிறார் என்பதைத்தான். அந்தத் தர்க்கத்தின்போது ஒருவர் விட்டுக்கொடுத்து ஒருவர் வாங்கிக்கொள்ளும் லாவகம் இல்லையென்றால், எவ்வளவு பெரிய ராஜபார்ட் வந்தாலும் கொட்டகை தூங்கிவிடும். ‘ஓஷன்ஸ் ட்வெல்வ்’ படத்தில் குளூனியும் பிட்டும் அரைகுறை வாக்கியங்களாலேயே பேசிக்கொள்ளும் இடங்களில் அந்த லாவகம் இருக்கிறது. அவர்களோடு ஒட்டிக்கொள்ளப் பார்த்து, பேச்சு பிடிபடாமல் மேட் டேமன் திணறும் இடத்தில் அது இன்னும் நன்றாகவே இருக்கிறது. அளக்க வேண்டியது இதைத்தான்.

அதே நாடகத்தை மனதில் வைத்தால், பலருக்குக் கோபமூட்டிய இன்னொரு காட்சியையும் அமைதியாகப் பார்க்கலாம். கூட்டத்தில் பெரும்பாலோர் பிடிபட்ட பிறகு, மீதியிருப்பவர்கள் டேனியின் மனைவி டெஸ்ஸை ரோமுக்கு வரவழைத்து, அவள் ஜூலியா ராபர்ட்ஸ் போலவே இருக்கிறாள் என்பதால் ஜூலியா ராபர்ட்ஸாகவே நடிக்க வைக்கிறார்கள். டெஸ் வேடத்தில் நடிப்பவரே ஜூலியா ராபர்ட்ஸ்தான். நடிகர் புரூஸ் வில்லிஸும் புரூஸ் வில்லிஸாகவே வந்து அவரை நலம் விசாரிப்பார். ‘கதை தீர்ந்துபோய் இப்படி எடுத்துவிட்டார்கள்’ என்று சொல்வது எளிது. ஆனால் நம் பபூன் நடுநாடகத்தில் கதையை விட்டு வெளியே வந்து, அந்த ஊர்க்காரர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசிவிட்டுத் திரும்பவும் கதைக்குள் போவதை யாரும் கதைப் பஞ்சம் என்று சொல்வதில்லை. என் மதிப்பீட்டில் அந்தக் காட்சி ஐந்து நிமிடம் நீளமானது; நினைப்பு நல்ல நினைப்பு.

வசூலை வைத்துத் தீர்ப்புச் சொல்வதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. உலகம் முழுக்க முதல் பாகம் ஏறத்தாழ 45 கோடி டாலரும், இரண்டாம் பாகம் ஏறத்தாழ 36 கோடி டாலரும் ஈட்டின. எந்த இரண்டாம் பாகத்துக்கும் முதல் வாரக் கூட்டத்தைக் கூட்டி வருவது முதல் பாகத்தின் நல்ல பெயர்தான். ஆகவே அந்தத் தொகையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்கவே முடியாது. எந்தத் திரையில் பார்த்தோம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆங்கிலப் படத்துக்கென்று ரீகல் தியேட்டருக்குப் போன தலைமுறை ஒன்று இந்த ஊரில் இருந்தது. அதற்குப் பின்வந்த நாங்கள் இந்தப் படத்தை முதலில் பார்த்தது திருட்டு விசிடியில்தான். சோடர்பெர்க் பீட்டர் ஆண்ட்ரூஸ் என்ற புனைபெயரில் தானே ஒளிப்பதிவு செய்து நகரத்துக்கு நகரம் மாற்றிய வண்ணங்கள் எல்லாம் எங்களுக்கு ஒரே சாம்பல் நிறமாகத்தான் தெரிந்தன. டேவிட் ஹோம்ஸின் இசை தகர டப்பாவுக்குள் ஒலித்தது. அந்த நினைவை வைத்துக்கொண்டு பத்து வருடம் நானும் இந்தப் படத்தைத் திட்டியிருக்கிறேன், அது தவறு.

இனி அந்தத் தம்பி சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். கொள்ளைப் படத்தில் பார்ப்பவரை ஏமாற்றலாமா என்றால், ஏமாற்ற வேண்டும்; அதற்காகத்தான் காசு கொடுத்துப் போகிறோம். எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதில்தான் நேர்மையும் நேர்மைக்கேடும் இருக்கின்றன. ‘எல்லாக் கொள்ளைப் படமும் ஏமாற்றத்தானே செய்யும்’ என்று இரண்டையும் ஒன்றாகக் கட்டுவது, குறை சொல்பவர்கள் செய்வதை விடப் பெரிய தவறு.

முதல் பாகத்தில் திட்டம் போடும்போதே, பெனடிக்டின் பணப் பெட்டகத்தைப் போல அச்சாக இன்னொரு பெட்டக அறையை ஒரு கிடங்கில் கட்டுகிறார்கள். பயிற்சிக்காக என்று சொல்லப்படுகிறது. நாமும் சரி என்று மறந்துவிடுகிறோம். கொள்ளை இரவில், பெனடிக்ட் தன் கண்காணிப்புத் திரையில் முகமூடிக்காரர்கள் பணத்தை மூட்டை கட்டுவதைப் பார்த்துப் பதறுகிறான். நாமும் அவனோடு சேர்ந்து பார்க்கிறோம். பிறகு அவன் அந்தப் பதிவை நிறுத்திவைத்துத் தரையை உற்றுப் பார்க்கிறான். அவனுடைய பெட்டகத் தரையில் சில நாள் முன்புதான் விடுதியின் சின்னம் பதிக்கப்பட்டது. திரையில் தெரியும் தரையில் அந்தச் சின்னம் இல்லை. அவன் பார்த்தது கிடங்கில் முன்கூட்டியே எடுத்த படம். அந்த நொடியில் நமக்குக் கோபம் வராமல் சிரிப்பு வருவதற்குக் காரணம், அந்தக் கிடங்கை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம் என்பதுதான். விடை நம் மடியிலேயே இருந்தது. நாம்தான் தடவிப் பார்க்கவில்லை.

இரண்டாம் பாகத்தில், ‘இரவு நரி’ என்று பெயர் எடுத்த ஐரோப்பியத் திருடன் துலூர், ரஷ்ய நகைக் கலைஞர் ஃபாபர்ஷே செய்த முடிசூட்டு முட்டை என்ற விலைமதிப்பற்ற நகைப் பொருளை யார் முதலில் திருடுவது என்று ஓஷனிடம் பந்தயம் கட்டுகிறான். ரோமில் ஓஷன் கூட்டம் போடும் திட்டங்கள், படும் பாடு, டெஸ்ஸின் வேடம், கைது எல்லாவற்றையும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பதைபதைப்போடு பார்க்கிறோம். முடிவில் துலூர் தன் வெற்றியைச் சொல்லிக் களிக்கும்போது, நிஜ முட்டையை ஓடும் ரயிலில் சாதாரணப் பயணி போல அதைக் கொண்டுபோனவரின் முதுகுப் பையிலிருந்து அவர்கள் முன்பே மாற்றி எடுத்துவிட்டார்கள் என்று ஒரு பின்னோக்குக் காட்சியில் சொல்லப்படுகிறது. அந்த ரயிலை அதற்கு முன் நாம் பார்க்கவே இல்லை. கிடங்கைப் போல ஒரு துண்டுத் தடயமாவது நம் கண்ணில் பட்டிருந்தால் அது சூட்சுமம்; எதுவுமே தராமல் விட்டது ஒளித்தல். துலூரை ஏமாற்றத்தான் அந்த நாடகம் முழுவதும் என்று படம் காரணம் சொல்கிறது. துலூருக்கு அது சரி. நாம் துலூர் அல்லவே! நாம் ஓஷனோடு அதே வண்டியில் ஏறியவர்கள். அவர்களுக்காகக் கவலைப்பட்ட ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கேட்கத் தோன்றுகிறதே, அதைத்தான் அந்தத் தம்பி ஒரே வரியில் சொன்னார்.

இதைக் கண்டுகொண்டதும் முதல் பாகத்தின் ஓட்டைகளை மறைத்துப் பேசுவதும் கூடாது. பெனடிக்டின் ஆட்கள் வேனில் ஏற்றிப்போகும் பைகளைத் திறந்தால் பணத்துக்குப் பதில் விளம்பரத் துண்டுத்தாள்கள் இருக்கும். அத்தனை தாளும் பூட்டிய பெட்டகத்துக்குள் எப்படிப் போனது என்பதற்குப் படத்தில் விளக்கம் கிடையாது. அன்று மாடியில் இதை யாருமே கேட்கவில்லை. மகிழ்ச்சியாக இருக்கும்போது கணக்குக் கேட்பதில்லை என்பது மனித இயல்பு. விமர்சனம் எழுத உட்காருபவர் இரண்டு படத்துக்கும் ஒரே படிக்கல்லைத்தான் போட வேண்டும். அப்படிப் போட்டாலும் என் தராசில் முதல் பாகத்தின் தட்டே கனத்துத் தாழ்கிறது. ஏனெனில் துண்டுத்தாள் ஒரு விவரத்தில் விழுந்த ஓட்டை. ரயில், கதையின் நடுத்தூணில் விழுந்த விரிசல்.

ஆனாலும் அந்த ஒரு விரிசலுக்காகப் படத்தை மொத்தமாக ஒதுக்கிவிட்டால் ஆம்ஸ்டர்டாம் காட்சி கைவிட்டுப் போகும். கால்வாய்க் கரையில் வீட்டை விட்டு வெளியே வரவே அஞ்சும் ஒரு மனிதர். அவரிடம் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மிகப் பழைய பங்குப் பத்திரம். எதிர்ப்புறத்திலிருந்து எய்ய வேண்டிய அம்புக்கு நேர்கோடு கிடைக்கவில்லை. வீடு ஒரு மயிரிழை தாழ்ந்து நிற்கிறது. நம்மூர்த் திருடன் என்றால் வேறு ஜன்னல் தேடுவான். இவர்கள் நீருக்குள் இறங்கி, வீட்டையே தூக்கிவிடுகிறார்கள். இரவில், ஓசையில்லாமல், உள்ளே படுத்திருப்பவர் புரண்டுகூடப் படுக்காதபடி அந்தக் கட்டடம் மேலே வருகிறது. அத்தனை பாடும் பட்டு உள்ளே போனால், துலூர் ஏற்கெனவே வந்து போயிருக்கிறான். தூக்கியதும் நம் கண்முன்னால், தோற்றதும் நம் கண்முன்னால்; ஒளிவு மறைவே இல்லை.

அன்று பேசி முடித்துப் பாயைச் சுருட்டும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. அந்தத் தம்பி கடைசியாக ஏணியருகே நின்று, அந்த வீடு எழும்புகிற இடத்தை மட்டும் இன்னொரு தடவை போட முடியுமா என்று கேட்டார். வேட்டியைத் திரும்பவும் கட்டினோம்.