எண்ணெயை அளந்துவிட்டு அடுப்பேற்றுங்கள்: சோப்பு, நீர் ஒட்டாத துணி, கொழுப்பமிலம் செய்யும் முறை

மணலியில் ஒரு ரெசின் கம்பெனியின் லேபில்தான் என் வேலைக்காலம் கழிந்தது. ஆளிவிதை எண்ணெயும் விளக்கெண்ணெயும் டேங்கரில் வந்து இறங்கும். பெயிண்டுக்கான ஆல்கிட் ரெசினாகப் பீப்பாயில் வெளியே போகும். இப்போது காலடிப்பேட்டையில் எங்கள் தெரு மகளிர் குழுவுக்கு அந்த வேலையை மேசையளவுக்குச் சுருக்கிச் சொல்லித் தருகிறேன். மணலி என்றாலே கச்சா எண்ணெய்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. செக்கிலிருந்து வரும் எண்ணெயும் ஒரு மூலப்பொருள்தான் என்பதைக் கையால் செய்து பார்த்தால் ஒழிய யாரும் நம்புவதில்லை.

அநேகமாக எந்தத் தாவர எண்ணெயாக இருந்தாலும் உள்ளமைப்பு ஒன்றுதான். ஒரு கிளிசரினோடு மூன்று கொழுப்பமிலங்கள் கோத்திருக்கும். கோர்வை அறுந்து தனியாகத் திரியும் அமிலம் எவ்வளவு, மொத்த அமிலம் எவ்வளவு என்ற இரண்டு எண்கள் கையில் இருந்தால் போதும், எண்ணெயை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். முதலாவதை ஆசிட் வேல்யூ என்போம், இரண்டாவதைச் சாப் வேல்யூ என்போம். இவை தெரியாமல், எண்ணெயைச் சோப்பாக்கும் காஸ்டிக் சோடாவை நிறுக்காதீர்கள். யூடியூபில் யாரோ சொன்ன அளவு அவர் வீட்டு எண்ணெய்க்கானது, உங்கள் டின்னுக்கானது அல்ல.

ஆசிட் வேல்யூ பார்க்கப் பெரிய லேப் வேண்டாம். பாரிமுனை பக்கம் நைனியப்ப நாயக்கன் தெருவில் கெமிக்கல் கடைகள் இருக்கின்றன. ஒரு ப்யூரெட் (சொட்டுச் சொட்டாக விட உதவும், மில்லி குறித்த கண்ணாடிக் குழாய்), கூம்புக் குடுவை, ஐசோப்ரொபைல் ஆல்கஹால், ஃபீனாப்தலீன் (காரம் மிஞ்சினால் ரோஜா நிறமாகும் திரவம்), 0.1 நார்மல் செறிவுள்ள பொட்டாசியம் ஹைட்ராக்சைடு (பொட்டாஷ்) கரைசல் ஆகியவற்றை வாங்குங்கள். கரைசலைத் தயாராகவே வாங்கிவிடுங்கள். கடையில் விற்கும் பொட்டாஷ் செதிலில் பொதுவாக 85 சதவீதம்தான் சரக்கு, மீதி பெரும்பாலும் ஈரம். அதை நிறுத்துக் கரைத்தால் கணக்கு தப்பும்.

50 மில்லி ஆல்கஹாலைக் குடுவையில் ஊற்றி, நான்கைந்து சொட்டு ஃபீனாப்தலீன் விட்டு, வெளிர் ரோஜா நிறம் வரும்வரை பொட்டாஷ் கரைசலைச் சொட்டுங்கள். ஆல்கஹாலில் ஏற்கெனவே இருக்கும் அமிலம் இதில் தீர்ந்துவிடும். பலர் விட்டுவிடும் படி இதுதான். பிறகு 10 கிராம் எண்ணெயை அதில் சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து இளஞ்சூடாக்கிக் குலுக்குங்கள். அடுப்புச் சுடர் பக்கத்தில் இருக்கக் கூடாது, ஆல்கஹால் பற்றிக்கொள்ளும். இப்போது ப்யூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். ரோஜா நிறம் அரை நிமிடம் கலையாமல் நின்றால் நிறுத்திவிட்டு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். செலவான மில்லியை 0.561-ஆல் பெருக்கினால் ஆசிட் வேல்யூ. 8 மில்லி செலவானால் ஏறக்குறைய 4.5. அதில் பாதியை எடுத்துக்கொண்டால், தனியாகத் திரியும் அமிலத்தின் சதவீதம் உத்தேசமாகக் கிடைத்துவிடும்.

தேரடியில் பஜ்ஜிக் கடை வைத்திருக்கும் அக்கா தரும் எண்ணெயையும் நல்ல எண்ணெயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். திரும்பத் திரும்பச் சுட்ட எண்ணெயில் கோர்வைகள் அறுந்துகொண்டே இருக்கும், எண் ஏறும். பொரித்த எண்ணெயில் துருவச் சேர்மங்கள் (சுடச்சுட எண்ணெய் சிதைந்து சேரும் பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது என்று 2018-லிருந்து உணவுப் பாதுகாப்பு விதி இருக்கிறது. சமையலுக்கு ஆகாதது சோப்புக்கு ஆகும். காஸ்டிக்குக்கு அமிலம் தனியாக இருந்தாலும் ஒன்றுதான், கோத்திருந்தாலும் ஒன்றுதான். ஆனால் பயோடீசலுக்கு அதே எண்ணெய் சிக்கல். அங்கே காஸ்டிக் போன்ற காரம் வினையைத் தூண்டிவிடும் வினையூக்கி மட்டுமே. தனி அமிலம் அதைத் தின்று சோப்பாக்கி, கீழே பிரிய வேண்டிய கிளிசரினையும் பிரியவிடாமல் குழப்பிவிடும். ஒரே டின் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை அந்த ரோஜா நிறம் சொல்லிவிடும்.

சாப் வேல்யூவை வீட்டில் அளப்பது சிரமம், புத்தக அளவை எடுத்துக்கொள்ளலாம். ஒரு கிராம் எண்ணெயைச் சோப்பாக்க எத்தனை மில்லிகிராம் பொட்டாஷ் வேண்டும் என்பதே அந்த எண். தேங்காயெண்ணெய்க்கு 250 முதல் 265 வரை, பாமாயிலுக்கு 200-ஐ ஒட்டி, கடலையெண்ணெய், நல்லெண்ணெய் இரண்டுக்கும் 190-ஐ ஒட்டி, விளக்கெண்ணெய்க்கு 180-ஐ ஒட்டி. கட்டிச் சோப்புக்குப் பொட்டாஷ் அல்ல, காஸ்டிக் சோடா. அதற்கு இந்த எண்ணை 1.403-ஆல் வகுக்க வேண்டும்.

எங்கள் குழு செய்யும் கலவை 700 கிராம் பாமாயில், 300 கிராம் தேங்காயெண்ணெய். பாமாயிலுக்கு 140 (700 × 200 ÷ 1000), தேங்காய்க்கு 77 (300 × 257 ÷ 1000), ஆகமொத்தம் 217 கிராம் பொட்டாஷ். காஸ்டிக்காக மாற்றினால் 155 கிராம். அதில் 5 சதவீதம் குறைத்து 147 கிராம் போடுங்கள். கொஞ்சம் எண்ணெய் மிஞ்சலாம், காஸ்டிக் மிஞ்சவே கூடாது.

330 மில்லி தண்ணீரை எவர்சில்வர் பாத்திரத்தில் எடுத்து, காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகத் தண்ணீருக்குள் போடுங்கள். தண்ணீரைக் காஸ்டிக் மேல் ஊற்றாதீர்கள், தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் வேண்டவே வேண்டாம். காஸ்டிக் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். கண்ணாடியும் கையுறையும் போடாதவரை என் மேசைக்கு அருகே நான் விடுவதில்லை. உங்கள் வீட்டிலும் விடாதீர்கள், குழந்தைகளை வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள். மேலே பட்டால் ஓடும் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். கரைசல் ஆவி பறக்கச் சுடும், ஆறட்டும். எண்ணெயும் கரைசலும் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் கலந்து மத்தால் கடையுங்கள். சூட்டைப் பாத்திரத்தின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள், கரைசலில் விரல் வைக்காதீர்கள். தோசை மாவுப் பதம் வந்தபின் பாத்திரத்தை வெந்நீருக்குள் இறக்கி, இரண்டு மணி நேரம் அவ்வப்போது கிளறிக்கொண்டே இருங்கள். வெள்ளையாக இருந்தது மெழுகுபோல் தெளியும். துணுக்கு எடுத்து, முன்போலவே அமிலம் தீர்த்த ஆல்கஹாலில் கரைத்து ஃபீனாப்தலீன் விடுங்கள். பளிச்சென்று சிவந்தால் காஸ்டிக் இன்னும் இருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரம் வேக வேண்டும்.

குளிக்க, துவைக்க என்று சோப்பை இத்தோடு விட்டுவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பாதி வழி. அடுத்ததாக அந்தச் சோப்பை வைத்துத் துணியில் நீர் ஒட்டாமல் செய்யலாம்.

திருவொற்றியூரில் போர் தண்ணீரில் குளித்தவர்களுக்கு வாளி ஓரத்தில் படியும் வெள்ளைப் படலம் தெரியும். உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியம் சோப்பைப் பிடித்து, தண்ணீரில் கரையாத கால்சியம் சோப்பாக்கிவிடுகிறது. வாளியில் அது தொல்லை. கனிம எண்ணெயில் அதையே முறையாகக் கலந்தால் வண்டிக்குப் போடும் கிரீஸ். கால்சியத்துக்குப் பதில் படிகாரத்தில் உள்ள அலுமினியத்தைப் பயன்படுத்தினால், துணி இழைக்குள்ளேயே நீரை விரட்டும் பூச்சு உருவாகும். பழைய முறைதான், இன்றும் வேலை செய்கிறது.

நன்றாகக் காய்ந்த சோப்பைத் துருவி, லிட்டருக்கு 50 கிராம் வீதம் சுடுதண்ணீரில் கரையுங்கள். மெட்ரோ தண்ணீரோ மழைத் தண்ணீரோ வேண்டும், போர் தண்ணீர் சோப்பை அங்கேயே கெடுத்துவிடும். கஞ்சி நீக்கித் துவைத்த பருத்தித் துணியைக் கால்மணி நேரம் ஊறவைத்துப் பிழியுங்கள். வேறொரு வாளியில் லிட்டருக்கு 100 கிராம் படிகாரம் கரைத்து, துணியை அதில் இன்னொரு கால்மணி நேரம் அமிழ்த்துங்கள். பிழிந்து, தண்ணீரில் ஒருமுறை அலசி, நிழலில் உலர்த்தி, மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள். தண்ணீர் தெளித்தால் முத்தாக உருளும், காற்று உள்ளே வரும். மீன் கூடைக்கு மேல் போடும் துணிக்கும் தள்ளுவண்டிக் கூரைத் துணிக்கும் இதைத்தான் செய்கிறோம். இரவு முழுக்கத் தண்ணீர் தேங்கி நின்றால் கசியும். சோப்புத் தூள் போட்டுத் துவைத்தால் பூச்சு போய்விடும், மறுபடி முக்க வேண்டும். விற்கும்போது இதை வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள்.

கொழுப்பமிலம் வேண்டுமென்றால் சோப்பைத் திருப்பி உடைக்க வேண்டும். 100 கிராம் சோப்புத் துருவலை ஒரு லிட்டர் சுடுதண்ணீரில் கரைத்து, இளஞ்சூட்டுக்கு ஆறவிட்டு, காற்றோட்டமான இடத்தில் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மெல்ல ஊற்றிக் கிளறுங்கள். ஏறக்குறைய 120 மில்லி பிடிக்கும். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாள் 3-க்குக் கீழே காட்டும்போது எண்ணெய்போல ஒரு படலம் மேலே மிதக்கும். அதை எடுத்துப் புளிப்பு போகும்வரை வெந்நீரில் கழுவுங்கள். அரை கிராம் எடுத்து, ஆசிட் வேல்யூ பார்த்த அதே சொட்டுச் சோதனையை (டைட்ரேஷனை) செய்து பாருங்கள். 10 கிராமுக்குப் பதில் அரை கிராம் என்பதால் மில்லியை 11.2-ஆல் பெருக்க வேண்டும். எண்ணெயில் 4, 5 என்று இருந்த ஆசிட் வேல்யூ 200-ஐத் தாண்டியிருக்கும். அந்த எண்ணைப் பார்த்துக் குழுப் பெண்கள் முகம் மலர்வதை நான் ஒவ்வொரு முறையும் ரசிக்கிறேன். பெரிய ஆலைகளில் காஸ்டிக்கும் இல்லை, அமிலமும் இல்லை. 250 டிகிரியில், 50 மடங்கு காற்றழுத்தத்தில் வெறும் தண்ணீரே எண்ணெயை உடைத்துவிடும். எண்ணெய் எடையில் பத்தில் ஒரு பங்கு கிளிசரினும் தனியே கிடைக்கும்.

விளக்கெண்ணெய் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அதன் கொழுப்பமிலத்தில் 85 சதவீதத்துக்கு மேல் ரிசினோலெயிக் அமிலம். அந்தச் சங்கிலியின் நடுவே ஒரு ஹைட்ராக்சில் தொகுதி (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்தது) ஒட்டியிருப்பதால், மற்ற எண்ணெய்கள் தராததை இது தரும். கந்தக அமிலம் சேர்த்தால், பெரியமேட்டுத் தோல் வியாபாரிகளுக்குத் தெரிந்த, தோலை மிருதுவாக்கும் எண்ணெய். ஹைட்ரஜன் ஏற்றி லித்தியம் சேர்த்தால், லாரிச் சக்கரத் தாங்கிகளுக்கான கிரீஸ். காஸ்டிக்கோடு 250 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் நைலானுக்குப் போகும் செபாசிக் அமிலம். உள்ளிருந்து ஒரு தண்ணீர் மூலக்கூறை எடுத்துவிட்டால், காயாத எண்ணெய் காயும் எண்ணெயாகிப் பெயிண்டுக்கு வரும். எங்கள் ரியாக்டரில் நான் மிகவும் விரும்பிய பேட்ச் அதுதான். ஆனால் இவற்றில் ஒன்றைக்கூட வீட்டில் முயலாதீர்கள். அடர் அமிலமும் அந்தச் சூடும் வீட்டுக்குள் வரக் கூடாதவை. ஆர்வம் இருக்கும் பிள்ளைகளை வேதிப்பொறியியல் படிக்க அனுப்புங்கள். தோல் பக்கம் போக விரும்பினால் 1948-லிருந்து அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.

வேலை முடிந்ததும் அமிலத் தண்ணீரைச் சோடா உப்புப் போட்டு, பிஎச் 7-க்குக் கொண்டுவந்த பிறகே வெளியே ஊற்றுங்கள். மிச்ச எண்ணெயைக் கால்வாயில் கொட்டாதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தில் பரவிய எண்ணெயால் மீனவர்கள் பட்ட பாடு நம் கண்ணெதிரே நடந்தது. ஆளிவிதை எண்ணெயைத் தொட்டால் இன்னொன்றையும் கவனியுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், காற்றோடு சேர்ந்து காயும்போது எழும் சூட்டிலேயே தீப்பிடிக்கும். தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள டின் ஒன்றை வேலை தொடங்கும் முன்பே பக்கத்தில் வைத்து, துணியை அதில் அமிழ்த்துங்கள்.