பினாங்கைத் திசை பிரித்துச் சுற்றிப்பார்ப்பது எப்படி?

மலேசியாவின் பினாங்குத் தீவின் நடுவில் மலைகள் எழுந்து நிற்பதால், முக்கியச் சாலைகள் பெரும்பாலும் அவற்றைச் சுற்றியே செல்கின்றன. வரைபடத்தில் அருகருகே தெரியும் இரண்டு இடங்களுக்கிடையே மாலை நெரிசலில் ஒரு மணி நேரம் கழிவது இங்கே இயல்பு. ஆகவே, பார்க்க விரும்பும் இடங்களை எழுதிக்கொண்டு, அவற்றைத் திசைவாரியாகப் பிரித்து, நாளுக்கு ஒரு திசை என்று வகுத்துக்கொள்ளுங்கள். மூன்று முழு நாள்களாவது வேண்டும்.

கோலாலம்பூரிலிருந்து வருபவர்களுக்கு இடிஎஸ் (ETS) எனும் விரைவு மின்ரயில் வசதியானது. தீவுக்கு எதிரே பெருநிலத்தில் உள்ள பட்டர்வொர்த்தில் இறங்கி, அருகிலேயே இருக்கும் படகுத்துறையில் ஃபெரி ஏறினால், நேரே ஜார்ஜ்டவுன் கரைக்கு வந்துவிடலாம். ஃபெரியில் இப்போது கார்களை ஏற்றுவதில்லை. காரில் வருபவர்கள் பாலத்தின் வழியாகத்தான் வரவேண்டும். 2014இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலம் தீவின் தென்கிழக்கில் சேர்வதால், நகருக்குச் செல்பவர்களுக்கு 1985இல் திறந்த பழைய பாலமே பொருத்தம்.

முதல் நாளை ஜார்ஜ்டவுனுக்கு முழுமையாகக் கொடுங்கள். 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மலாக்காவுடன் சேர்க்கப்பட்ட இந்தப் பழைய நகரை நடந்து பார்த்தால்தான் அதன் அருமை புரியும். ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் 1786இல் வந்திறங்கிய இடத்தில் அமைந்த கார்ன்வாலிஸ் கோட்டையிலிருந்து காலையிலேயே புறப்பட்டு, செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் கோயில், குவீன் தெருவில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் என்று நடந்தால், நான்கு சமயங்களின் வழிபாட்டுத் தலங்களும் ஒரே நடைக்குள் அடங்கிவிடுகின்றன. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தமிழ் முஸ்லிம் வணிகர்களின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது என்பதால், நம்மவர்கள் அதை வெளியிலிருந்து மட்டும் பார்த்துவிட்டுப் போவது எனக்கு வருத்தமளிக்கிறது. தொழுகை நேரத்தைத் தவிர்த்து, உடலை மறைக்கும் உடையில் சென்று, அனுமதி கேட்டு உள்ளே பாருங்கள். நண்பகல் வெயிலில் நடக்க வேண்டாம். அந்த நேரத்தை லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாட்டுக்கோ, பல கறிக்குழம்புகளை ஊற்றித் தரும் நாசி கண்டார் சோற்றுக்கோ ஒதுக்கிவிட்டு, வெயில் தாழ்ந்ததும் ஆர்மீனியன் தெருவின் சுவரோவியங்களையும், கடலின்மேல் மரத்தூண்களில் நிற்கும், சீனரான சியூ குலத்தாரின் குடியிருப்பையும் பார்க்கலாம். அங்கே மக்கள் இன்னும் குடும்பமாக வாழ்கிறார்கள் என்பதை மறவாமல், வீடுகளுக்குள் எட்டிப் படம் எடுப்பதைத் தவிருங்கள்.

இரண்டாம் நாள் ஆயர் ஈத்தாம் பக்கம். 1923 முதல் இயங்கும் கொடிமலை (பினாங்கு ஹில்) இழுவை ரயிலுக்கு வார நாளில், அதுவும் காலையில் செல்லுங்கள். வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் வரிசை நீண்டுவிடும். திரும்பும் வழியில் கெக் லோக் சி பௌத்தக் கோயிலைப் பார்க்கலாம். ஜார்ஜ்டவுனின் கொம்தார் கோபுரப் பேருந்து நிலையத்திலிருந்து 204ஆம் எண் பேருந்து இரண்டு இடங்களுக்கும் செல்கிறது. மாலையில் தண்ணீர்மலை முருகன் கோயிலின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகளை ஏறினால் நகரமும் கடலும் கண்முன் விரியும். தைப்பூசத்துக்கு வருபவர்கள் தங்குமிடத்தைப் பல மாதங்களுக்கு முன்பே பதிவுசெய்து, ரத ஊர்வலங்களுக்காகச் சாலைகள் அடைக்கப்படும் நாள்களில் வேறு சுற்றுலாத் திட்டம் எதையும் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

மூன்றாம் நாள் வடகரை. 101ஆம் எண் பேருந்து பத்து பெரிங்கி கடற்கரை வழியாகத் தெலுக் பஹாங் வரை போகும். அங்குள்ள தேசியப் பூங்காவின் காட்டுப் பாதையில் நடக்க விரும்புபவர்கள் காலையிலேயே தொடங்கி, போதிய குடிநீர் எடுத்துச் செல்ல வேண்டும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை அதிகம் என்பதால், அப்போது வருபவர்கள் இந்த நாளைக் கூடியவரை முன்பின் மாற்றும்படி வைத்துக்கொள்ளட்டும்.

பயான் லெப்பாஸ் பாம்புக் கோயில் விமான நிலையத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. விமானத்தில் திரும்புபவர்கள் அதைக் கடைசி நாளில் போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம்; அங்கிருப்பவை உண்மையான விரியன் பாம்புகள் என்பதால், பிள்ளைகளைக் கைக்குள் வைத்திருங்கள்.