பழைய லேப்டாப்பில் கோடு விழுகிறதா? ஹீட் வைக்கக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

திரை முழுக்கச் செங்குத்தாகக் கோடுகள், அல்லது யாரோ கலர்ப் பொடி தூவிவிட்ட மாதிரி புள்ளி புள்ளியாக ஏதோ, அல்லது ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, ஆனால் திரை மட்டும் கறுப்பு. இப்படி ஒரு பழைய லேப்டாப்பைச் சர்வீஸுக்குக் கொண்டுபோனால் அரை நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடும்: "கிராபிக்ஸ் போச்சு சார், ஹீட் வெச்சுப் பாக்கலாம்." எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். 2011-இல் வாங்கிய கோர் ஐ5 லேப்டாப் அது, திரைக்கான படத்தை உருவாக்கத் தனி கிராபிக்ஸ் சிப் வைத்தது. காசு கொடுத்து ஹீட் வைத்தேன், அதாவது அந்தச் சிப்பைச் சூடாக்கிப் பார்க்கும் வைத்தியம்; ஐந்து வாரம் ஓடியது, ஆறாவது வாரம் அதே கோடு வந்து நின்றது. அப்புறம்தான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன். செலவே இல்லாத சோதனைகளை முதலில் செய்திருந்தால் அந்தக் காசு மிச்சம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் ஃபைல்கள். கிராபிக்ஸ் சிப் செத்தாலும் ஹார்டு டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பின்மூடியைத் திறந்து டிஸ்க்கைக் கழற்றி, இரண்டரை இஞ்ச் சாட்டா டிஸ்க்குக்கான யுஎஸ்பி கேஸில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் செருகினால் எல்லாம் தெரியும். இதை முடித்துவிட்டால் பதற்றம் பாதி குறைந்துவிடும்.

திரை கறுப்பாக இருந்தால் கேப்ஸ் லாக் பட்டனை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைகிறதென்றால் உள்ளே கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, படம்தான் வரவில்லை. அடுத்து, அறையை இருட்டாக்கி ஒரு டார்ச்சைத் திரை மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் போனது பின்வெளிச்சம். 2009, 2010-க்கு முந்தைய பல லேப்டாப்களில் குழல் விளக்கும் அதற்கு ஓர் இன்வெர்ட்டர் பலகையும்தான் இருக்கும், அவை போவது சகஜம். கிராபிக்ஸ் சிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கேப்ஸ் லாக்கும் அசையவில்லையா? சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு, மறுபடி சார்ஜர் மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். சில சமயம் அதிலேயே உயிர் வந்துவிடும். வராவிட்டால் அடுத்தது ரேம், அதாவது கழற்றி மாட்டும் நினைவகப் பலகை. இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு, இடம் மாற்றிப் போட்டு, அதன் தங்க நிறக் காலைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்துப் பாருங்கள். சிரிப்பாகத் தோன்றும், ஆனால் "டிஸ்ப்ளே வரலை" என்று வரும் பழைய மெஷின்களில் கணிசமானவை இதில் சரியாகிவிடுகின்றன. பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ், ரேமைத்தான் தன் நினைவகமாகவும் கடன் வாங்குகிறது. ரேம் கெட்டால் கோடும் புள்ளியும்கூட வரும்.

படம் வருகிறது, ஆனால் கோட்டோடு வருகிறது என்றால் கேள்வியே வேறு. குற்றவாளி திரையா, திரைக்குப் போகும் கேபிளா, சிப்பா? மூடியை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கோடு மாறினால், மறைந்து வந்தால், கேபிள்தான்; கீல் பக்கம் மடிந்து மடிந்து நைந்திருக்கும். அசையவில்லை என்றால் ஒரு வெளி மானிட்டரையோ டிவியையோ செருகுங்கள். அதில் படம் சுத்தமாக இருந்தால் திரை அல்லது கேபிள். அதிலும் அதே கோலம் என்றால் சிப் பக்கம் சந்தேகம் திரும்பும். இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு: இரண்டு கிராபிக்ஸ் உள்ள சில லேப்டாப்களில் எச்டிஎம்ஐ துளை தனி சிப்போடு மட்டும் இணைந்திருக்கும், திரையோ பிராசசருக்குள் இருக்கும் இன்டெல் கிராபிக்ஸோடு. அங்கே திரை நன்றாக இருந்து எச்டிஎம்ஐ மட்டும் செத்திருந்தால் அதுவே தனி சிப்புக்கு எதிரான சாட்சி.

மானிட்டர் கையில் இல்லையா? ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து உங்கள் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். போனிலும் கோடு தெரிந்தால் படம் உருவாகும்போதே கெட்டிருக்கிறது, அதாவது டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) அல்லது சிப். போனில் சுத்தமாக இருந்தால் திரை, கேபிள் பக்கம் தேடுங்கள். நூறு சதவீதச் சோதனை இல்லை, ஆனால் பைசா செலவில்லாதது.

டிரைவரா சிப்பா என்று பிரிக்க, ஆன் செய்தவுடன் வரும் கம்பெனி லோகோவையும் பயாஸ் திரையையும் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை அமைப்புத் திரை) கவனியுங்கள். விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே, அங்கேயே கோடு இருந்தால் டிரைவரைத் திட்டுவதில் பயனில்லை. பயாஸ் சுத்தமாக இருந்து, விண்டோஸ் டிரைவரை ஏற்றும் நொடியில் திரை கறுத்தாலோ, சிதறினாலோ, நீலத் திரை வந்தாலோ சேஃப் மோடில் போங்கள். ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் அதற்கான மெனு வரும். அங்கே சாதாரண டிரைவர்தான் ஓடும். மணிக்கணக்கில் பிரச்சினையே இல்லை என்றால், பழைய டிரைவரை முழுசாக நீக்கிவிட்டு லேப்டாப் கம்பெனி அந்த மாடலுக்கென்று கொடுத்த டிரைவரைப் போட்டுப் பாருங்கள், புத்தம் புதியதை அல்ல. விண்டோஸுக்கு மாற்றான உபுண்டுவைப் பென் டிரைவிலிருந்து, மெனுவில் உள்ள சேஃப் கிராபிக்ஸ் வழியாக ஓட்டிப் பார்ப்பதும் நல்ல குறுக்குச் சோதனை. டிவைஸ் மேனேஜரில் தனி சிப்புக்கு மேல் மஞ்சள் முக்கோணமும் எரர் எண் 43-உம் நின்று, டிரைவரை எத்தனை முறை மாற்றினாலும் அது போகவில்லை என்றால், சிப்பின் நாள் நெருங்கிவிட்டது.

சூட்டால் வரும் தொல்லை இதற்கெல்லாம் நடுவில் ஒளிந்திருக்கும். ஆன் செய்து பத்து நிமிடம் நன்றாக ஓடி, வீடியோ போட்டதும் கோடு வருகிறதா? ஜிபியு-இசட் மாதிரி ஒரு இலவச மென்பொருளில் வெப்பநிலையைப் பாருங்கள். கனமான வேலையே இல்லாமல் 90 டிகிரியைத் தொட்டால் தூசும், சிப்பின் சூட்டை ஹீட்சிங்க் என்ற உலோகத் தகட்டுக்குக் கடத்தும் பேஸ்ட் காய்ந்துபோனதும்தான் முதல் சந்தேகம். ஃபேனைக் கழற்றி ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கு இடையில் பாருங்கள், ஃபெல்ட் துணி மாதிரி ஒரு தூசுப் படலம் அடைத்துக்கொண்டிருக்கும். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதிதாக வைக்கலாம். ஆனால் பல பழைய மாடல்களில் கிராபிக்ஸ் சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே பேஸ்ட் இருக்காது, ஒரு மில்லிமீட்டர் அளவில் ரப்பர் மாதிரி தெர்மல் பேட் இருக்கும். அதை எடுத்து எறிந்துவிட்டுப் பேஸ்ட் வைத்தால் நடுவில் இடைவெளி விழுந்து சிப் இன்னும் மோசமாகச் சுடும். பேட் இருந்த இடத்தில் அதே தடிமனில் பேட்தான்.

இவ்வளவும் பார்த்துச் சிப்தான் என்று உறுதியானால், இப்போது அந்த ஹீட் சமாசாரம். சிப் என்று நாம் பார்ப்பது இரண்டு அடுக்கு: மேலே சிலிக்கன் துண்டு, அது நுண்ணிய சால்டர் புள்ளிகளால் ஒரு பச்சைத் தட்டில் ஒட்டியிருக்கும், அந்தத் தட்டு, சற்றுப் பெரிய சால்டர் குண்டுகளால் போர்டில் ஒட்டியிருக்கும். தினமும் சுட்டு ஆறி, சுட்டு ஆறி விரிசல் விடுவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் அந்த நுண்புள்ளிகள். ரீபால் என்பது வெளிக் குண்டுகளை மட்டும் மாற்றுவது, உள் விரிசலுக்கு அது மருந்தே இல்லை. அடுப்பில் 200 டிகிரியில் போர்டை வேகவைத்துச் சரிசெய்ததாகச் சொல்பவர்களும் உண்டு. ஈயம் கலக்காத சால்டர் உருகவே சுமார் 217 டிகிரி வேண்டும். அப்படியென்றால் அங்கே எதுவும் உருகவே இல்லை, சூட்டில் விரிந்து விரிசல் கொஞ்ச நாள் தொட்டுக்கொண்டது, அவ்வளவுதான். என் ஐந்து வாரக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. சமைக்கும் அடுப்பில் அந்தப் புகையை விடுவது தனிக் கூத்து.

இது எனக்கும் உங்களுக்கும் மட்டும் நேர்ந்தது இல்லை. 2008 ஜூலையில் கிராபிக்ஸ் சிப் செய்யும் என்விடியாவே தன் லேப்டாப் சிப்களில் சிலவற்றின் பேக்கேஜிங் பொருள் (சிலிக்கனையும் தட்டையும் இணைத்துக் கட்டும் பொருள்) பலவீனம் என்று சொல்லி, 15 முதல் 20 கோடி டாலர் வரை அதற்காக ஒதுக்கியது. ஏஎம்டி கிராபிக்ஸ் வைத்த 2011 மேக்புக் புரோக்களுக்கு ஆப்பிள் 2015-இல் இலவச ரிப்பேர் அறிவித்தது, அது எப்போதோ முடிந்துவிட்டது.

சரி, செய்யக்கூடியது என்ன? உங்கள் பிராசசருக்குள் இன்டெல் கிராபிக்ஸ் இருந்தால், தனி சிப்பை அணைத்துவிட்டு ஓட்டுவதுதான் என் சிபாரிசு. முதலில் பயாஸில் டிஸ்க்ரீட் அல்லது ஸ்விட்சபிள் கிராபிக்ஸ் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள், இருந்தால் யோகம். இல்லாவிட்டால் டிவைஸ் மேனேஜரில் அதை டிசேபிள் செய்யுங்கள்; அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள், அடுத்த ரீஸ்டார்ட்டில் விண்டோஸ் தானே தேடிப்பிடித்து மறுபடி ஏற்றிவிடும். இப்படி அணைத்தாலும் சிப்புக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கலாம், பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும். கேம் ஆட முடியாது, மற்றபடி பிரவுசருக்கும் படத்துக்கும் இன்டெல் தாராளம்.

2007, 2008 காலத்து மெஷினில் தனி சிப் மட்டும்தான் இருக்கிறது என்றால் இந்த வழி இல்லை. பெரிய ஒர்க்ஸ்டேஷன் வகை லேப்டாப் என்றால் எம்எக்ஸ்எம் என்ற கழற்றி மாட்டும் கார்டு இருக்கலாம், செகண்ட்ஹேண்டில் தேடலாம். பயாஸ் ஏற்றுக்கொள்ளும் கார்டா என்று மட்டும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். மற்றவற்றில் சிப்பையே புதிதாக மாற்றினால்தான் உண்டு. கடையில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "புதுச் சிப் போடுறீங்களா, இதையே ஹீட் வைக்கிறீங்களா?" பதில் வழவழவென்று வந்தால் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். புதுச் சிப்தான் என்று சொன்னாலும் கூலியையும் அதே வயதுள்ள செகண்ட்ஹேண்ட் லேப்டாப் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் பார்த்தேன், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தது. என்னுடையது இப்போது தனி சிப் அணைத்த நிலையில் அப்பாவின் மேஜையில், பாட்டு போடவும் கரண்ட் பில் கட்டவும் ஓடிக்கொண்டிருக்கிறது.