வாய்ஸ் ரைட்டிங்: சாட்சியின் பேச்சைத் திருத்தாதீர்கள்

கோவையில் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஒவ்வொரு அணியும் அதே குழிகளில்தான் விழுகிறது. வாய்ஸ் ரைட்டர் என்பவர் பேசுகிறவர் சொல்வதைத் தாழ்ந்த குரலில் கூடவே திருப்பிச் சொல்வார். மென்பொருள் அதை எழுத்தாக்கும். அப்புறம் சரிபார்த்து டிரான்ஸ்கிரிப்ட் தருவார். அமெரிக்காவில் 1940களில் ஹொரேஸ் வெப் உருவாக்கிய முகமூடி மைக்கில் (சத்தம் வெளியே போகாமல் வாயைப் பொத்திப் பேசும் மாஸ்க்) தொடங்கிய தொழில். இங்கே கோர்ட்டுக்குள் பெரும்பாலும் சுருக்கெழுத்து ஸ்டெனோதான். நம்மிடம் வருவது ஆடியோ: அட்வகேட் கமிஷனர் (கோர்ட் நியமிக்கும் வக்கீல்) முன் நடந்த குறுக்கு விசாரணை, கம்பெனி உள்விசாரணை, வக்கீல் கொண்டுவரும் போன் பதிவு.

மைக் பொருத்துவது, எழுத்துப்பிழை இவையெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும்.

காதில் விழுந்ததை விட்டுப் புரிந்ததைச் சொல்வது

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். கேட்பதும் பேசுவதும் ஒரே நேரத்தில் நடப்பதால், நாக்கு தானாகவே வாக்கியத்தை ஒழுங்கு செய்துவிடும். சாட்சி தடுமாறியது மறையும், பாதியில் நிறுத்தியது முழுமையாகும், கொச்சை எழுத்துத் தமிழாகும்.

கோபிசெட்டிபாளையம் பக்கத்து வாய்க்கால் தகராறு ஒன்று. சாட்சி ஒரு பெரியவர். "ராத்திரி வந்து மோட்டார் ஒயர அறுத்துட்டானுங்க" என்றார். பயிற்சிக்கு வந்திருந்த பெண் வெளி மாவட்டத்துக்காரர். மாஸ்க்குக்குள் "ஒயரை அறுத்துவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டார். அவர் ஊரில் 'அறுத்துட்டானுங்க' என்றால் பல பேர். நம் கொங்குப் பக்கத்திலோ அந்த 'ங்க' எதிரில் இருக்கும் வக்கீலுக்குக் கொடுத்த மரியாதை, அறுத்தவன் ஒருவன்தான். புகாரில் ஒருவன், டிரான்ஸ்கிரிப்டில் கும்பல். எதிர்த்தரப்பு இதை முரண்பாடு என்று பிடித்துக்கொண்டது. ஆடியோவை மறுபடி போட்டுக் காட்டி, பக்கத்தை மாற்றி, எல்லாம் முடிவதற்குள் இழுத்தடித்துவிட்டது. அந்த வக்கீல் அதன் பிறகு எங்களிடம் வரவில்லை. ஆள் கணக்கு சின்ன விஷயம் இல்லை. இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 189ஆம் பிரிவின்படி, ஐந்து பேரோ அதற்கு மேலோ பொதுவான குற்ற நோக்கத்தோடு கூடினால் சட்டவிரோதக் கூட்டம்.

'ஒருவன் அறுத்தான்' என்று மாற்றியிருந்தாலும் தவறுதான். "அறுத்துட்டானுங்க" என்று அப்படியே சொல்ல வேண்டும், அப்படியே அடிக்க வேண்டும், பக்கத்தில் நேரக்குறிப்பு போட வேண்டும். எத்தனை பேர் என்று கேட்பது வக்கீலின் வேலை.

மென்பொருள் இதில் காப்பாற்றாது. அது தனக்குத் தெரிந்த சொற்களைத்தான் எழுதும். அதனால் தவறான சொல்லும் பிழையில்லாத எழுத்தில் வந்து நிற்கும். ஸ்பெல் செக் சிவப்புக் கோடு போடாது. கடைசிச் சரிபார்ப்பை அசல் ஆடியோவைக் கேட்டே செய்யுங்கள். பலர் தங்கள் குரல் பதிவை வைத்துச் சரிபார்க்கிறார்கள். தவறே அதில்தானே இருக்கிறது?

ம்ம், ம்ஹும்

ஒன்று ஆமாம், மற்றது இல்லை. கையால் அடியுங்கள்.

கிசுகிசுப்பது

பக்கத்தில் ஆள் இருக்கிறார் என்று வெறும் மூச்சில் பேசுவார்கள். குரல்நாண் அதிராத பேச்சில் மென்பொருள் திணறும், தொண்டையும் கட்டும். சத்தத்தைக் குறையுங்கள், குரலையே விட்டுவிடாதீர்கள்.

சர்வே எண்

டைப் செய்யுங்கள். ஒவ்வொரு உட்பிரிவையும் இரண்டு முறை பாருங்கள்.

கேட்காத இடத்தை நிரப்புவது

'தெளிவில்லை' என்று போட்டு நிமிடம், நொடி எழுதுங்கள்.

இலவச வாய்ஸ் டைப்பிங்

கூகுளில் தமிழ் 2017இலேயே வந்துவிட்டது, வசதிதான். ஆனால் நீங்கள் பேசுவது வெளி சர்வருக்குப் போகலாம். குடும்ப வழக்கு, குழந்தைகள் சம்பந்தப்பட்ட வழக்கு என்றால் வக்கீலின் சம்மதம் இல்லாமல் தொடாதீர்கள்.

அசல் கோப்பில் கை வைப்பது

இரைச்சலைக் குறைக்கிறேன், தொடக்கத்து அமைதியை வெட்டுகிறேன் என்று அசலைத் திறந்து சேமித்துவிடுகிறார்கள். சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவின் கீழ் தரும் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பு (கோப்பின் கைரேகை போன்ற குறியீடு) கேட்கப்படுகிறது. ஒரு நொடி வெட்டினாலும் அது மாறிவிடும். ஆடியோ கைக்கு வந்ததும் நகல் எடுங்கள், வெட்டுவது ஒட்டுவது எல்லாம் நகலில்.