எடை குறைந்தாச்சு, இனி ஏறாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

இலக்கு எடையைத் தொட்டதும் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பாதீர்கள். இளைத்த உடம்புக்கு முன்பைவிடக் குறைந்த கலோரியே போதும்; எடை திரும்ப ஏறுவது பெரும்பாலும் இதனால்தான்.

எடை குறைக்கச் சாப்பிட்டுவந்த தினசரி உணவில் 100 முதல் 150 கலோரி மட்டும் கூட்டுங்கள்: ஓர் அவித்த முட்டை, ஒரு சின்ன வாழைப்பழம், அவ்வளவே. இரண்டு வாரம் எடை நிலையாக நின்றால் இன்னொரு 100. காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். வாரச் சராசரிதான் கணக்கு. தொடக்கத்தில் ஒரு கிலோ ஏறினால் பதற வேண்டாம். தசையில் சேரும் மாவுச்சத்து தண்ணீரையும் பிடித்துவைக்கும், அது கொழுப்பல்ல. சராசரி இலக்கு எடையைவிட 2 கிலோவுக்கு மேல் ஏறினால் கூட்டியதைக் குறையுங்கள்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) உட்கார்ந்தால், பரோட்டா போன்ற ஒரு ரொட்டி சானாயே ஏறக்குறைய 300 கலோரி. ரொட்டியைச் சாப்பிடுங்கள், இனிப்பான பால் தேநீரான தே தாரேக்குக்குப் பதில் தே ஓ கோசோங் என்ற வெறும் தேநீர் கேளுங்கள். பாலும் சீனியும் இல்லை. வாரம் இரண்டு நாள் பளுப் பயிற்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.