வாரண்டி போகுமா? புதிய காரில் மாற்றங்கள் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹெட்லைட் எரியவில்லை என்று ஒரு புதிய கார் சர்வீஸ் சென்டருக்கு வந்தால், அதைப் பார்ப்பவர் பல்பைக் கழற்றியதும் அதன் ஹோல்டரைத் திருப்பிப் பார்ப்பார். ஹோல்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறி, பின்கள் செருகும் இடத்தில் இளகி வளைந்திருந்தால், கம்பெனி போட்ட 60/55 வாட் (ஹை பீம்/லோ பீம்) பல்பின் இடத்தில் 100/90 வாட் பல்பு எரிந்திருக்கிறது என்பதைக் கேட்காமலே ஊகித்துவிடுவார். 12 வோல்ட்டில் 60 வாட் பல்பு 5 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். 100 வாட் பல்பு இழுப்பது 8.3 ஆம்பியர். வயரிலும் இணைப்பிலும் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கேற்பக் கூடும் என்பதால், அந்த ஹோல்டர் தாங்க வேண்டிய சூடு ஏறத்தாழ 2.8 மடங்காகிவிடுகிறது. அந்த ஹோல்டரையும், அதனோடு கருகிய வயரிங்கையும் வாரண்டியில் மாற்றித் தர மறுத்தால் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அதே காரின் ஏசி கம்ப்ரசர் அடுத்த மாதம் பழுதாகும்போது, பல்பு மாற்றியதைக் காரணம் காட்டி அதையும் மறுத்தால், அதை ஏற்றுக்கொண்டு வீடு திரும்ப வேண்டிய அவசியம் இல்லை.

மாற்றம் செய்தாலே மொத்த வாரண்டியும் போய்விடும் என்று பயப்படுவது ஒரு தவறு. எதைச் செய்தாலும் வாரண்டி நிற்கும் என்று நம்புவது அதைவிடப் பெரிய தவறு. வாரண்டி என்பது மூலப்பொருளிலும் தயாரிப்பிலும் உள்ள குறைகளுக்குக் கம்பெனி ஏற்கும் பொறுப்பு. முழுக் காருக்கு ஒன்று, எஞ்சின் கியர்பாக்ஸுக்கு ஒன்று, தகடு துருப்பிடித்து ஓட்டை விழுவதற்கு ஒன்று, மின்சாரக் காராக இருந்தால் பேட்டரிக்கு ஒன்று எனப் பெரும்பாலும் அது பல பகுதிகளாகவே வருகிறது. பழுது ஏற்பட்டால் கேட்கப்பட வேண்டிய கேள்வி, செய்த மாற்றத்திலிருந்து இந்தப் பழுதுக்கு வழி ஏதேனும் போகிறதா என்பதுதான். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மேக்னுசன்–மாஸ் வாரண்டிச் சட்டம், இலவசமாகக் கொடுக்காத நிலையில் குறிப்பிட்ட பிராண்டின் உதிரிபாகத்தையே போட வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை விதிப்பதைப் பொதுவாகத் தடை செய்கிறது. இதை அரைகுறையாகக் கேள்விப்பட்டு, எந்த நாட்டிலிருந்தாலும் சட்டம் தம் பக்கம் என்று வாதாடப் போகிறவர்கள் உண்டு. அந்தச் சட்டமும்கூட, மாற்றத்தால் விளைந்த பழுதைக் கம்பெனியின் தலையில் கட்டுவதில்லை. மற்ற நாடுகளில் அங்குள்ள நுகர்வோர் சட்டமும், வாரண்டிப் புத்தகத்தின் வாசகமும்தான் முடிவு செய்யும்.

அந்தப் புத்தகத்தைப் பெரும்பாலோர் டேஷ்போர்டுப் பெட்டியிலிருந்து வெளியே எடுப்பதே இல்லை. விலக்குகள் என்ற தலைப்பில் வரும் இரண்டு பக்கங்களை மட்டுமாவது மாற்றம் செய்வதற்கு முன் படிக்க வேண்டும். "மாற்றத்தால் ஏற்பட்ட பழுது" என்று எழுதியிருப்பதற்கும், "மாற்றம் செய்யப்பட்ட வாகனம்" என்று எழுதியிருப்பதற்கும் இடையிலுள்ள தூரம் மிகப் பெரியது. முதலாவது ஒரு பழுதை விலக்குகிறது. இரண்டாவது காரையே விலக்கப் பார்க்கிறது. காசு கொடுத்து வாங்கும் நீட்டிக்கப்பட்ட வாரண்டி தனி ஒப்பந்தம் என்பதையும், அதன் விலக்குகள் பெரும்பாலும் இன்னும் கறாராக இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஷோரூமிலேயே போட்டதால் அது கம்பெனிப் பொருள் என்று நினைத்துக்கொள்வது, நான் பார்த்தவரையில் மிக அதிகமானோர் செய்யும் தவறு. கார் தயாரிக்கும் கம்பெனி வேறு, விற்கும் டீலர் வேறு. டீலர் தம் கடையில் பொருத்தித் தரும் மியூசிக் சிஸ்டமோ ரிவர்ஸ் கேமராவோ கம்பெனியின் ஆக்சஸரி பட்டியலில் இருக்கலாம். வெளிச் சந்தையில் மொத்தமாக வாங்கியதாகவும் இருக்கலாம். முன்னதற்குக் கம்பெனியின் பாக எண் இருக்கும், பில்லில் அது அச்சாகும். பின்னதற்கு "ஆக்சஸரீஸ்" என்ற ஒற்றைச் சொல்லும் மொத்தத் தொகையும்தான் இருக்கும். டெலிவரி நாளன்று மாலை போட்டு, பூஜை செய்து, சாவி வாங்கும் அவசரத்தில் இதைக் கவனிக்க யாருக்கும் தோன்றுவதில்லை. எனவே, பொருத்துவதற்கு முன்பே பாக எண்ணுடன் தனித்தனியாகப் பில் கேட்க வேண்டும். கம்பெனிப் பொருள் இல்லையென்றால், இதனால் வயரிங் வாரண்டி பாதிக்கப்படாது என்று டீலரிடம் முத்திரையுடன் எழுதி வாங்க வேண்டும். விற்பனையாளர் வாயால் சொல்லும் உறுதியை இரண்டு வருடம் கழித்து யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை; அவரே அந்த வேலையில் இருக்கிறாரா என்பதும் சந்தேகம்தான்.

என்னைக் கேட்டால், வயரை வெட்டி ஒட்டுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. பழைய கார்களில் ஒரு வயரை வெட்டினால் ஒரு வேலை நின்றுபோகும். இன்றைய காரில் எஞ்சின், பிரேக், ஏர்பேக், கதவுப் பூட்டு ஆகியவற்றின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு மெல்லிய வயர்களின் வழியாகப் பேசிக்கொள்கின்றன. அந்த வயர்களின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை வைத்துக் கணக்காக அமைத்த அந்தத் தடத்தில், மின்சாரம் கிடைக்கிறதே என்று ஒருவர் கேமராவுக்கோ விளக்குக்கோ ஒரு கிளையை ஒட்டிவிட்டால், பவர் ஸ்டீயரிங் எச்சரிக்கை விளக்கு எரிவது முதல் கார் ஸ்டார்ட் ஆகாமல் போவது வரை எது வேண்டுமானாலும் நடக்கலாம். கறுப்பு டேப் சுற்றிய ஓர் இணைப்பு வெளியே தெரிந்தாலே, சம்பந்தமில்லாத மின்பழுதுகளையும் அதன் கணக்கில் எழுத சர்வீஸ் சென்டருக்கு வசதியாகிவிடுகிறது. அது தவறென்று நிரூபிப்பதற்குள் உரிமையாளருக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

பேட்டரி விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். நிறுத்திப் பூட்டிய கார் சாதாரணமாக 50 மில்லி ஆம்பியருக்குள்தான் மின்சாரம் இழுக்க வேண்டும். சாவியை எடுத்த பின்பும் ஓடும்படி இணைத்த கேமரா ஒன்று 300 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர்-மணி கரைகிறது. 45 ஆம்பியர்-மணி பேட்டரி ஆறு நாள் நிறுத்தி வைத்தாலே காலியாகிவிடும். இப்படி நாலைந்து முறை அடியோடு காலியான பேட்டரி, வாரண்டிக் காலத்துக்குள்ளேயே சக்தி இழந்துபோவதில் வியப்பில்லை. கூடுதல் விளக்கு, ஹாரன் எதுவானாலும், பேட்டரியிலிருந்து தனி ஃப்யூஸ், தனி ரிலே வைத்து, காரின் வயரை வெட்டாமல், செருகி எடுக்கக்கூடிய கப்ளர் மூலம் இணைக்கச் சொல்வதே சரி. கழற்றினால் அடையாளம் இல்லாமல் பழையபடி ஆகிவிட வேண்டும், அதுதான் அளவுகோல்.

எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவை ரீமேப் செய்து, அதாவது அதன் மென்பொருளை மாற்றி எழுதி, குதிரைத்திறனைக் கூட்டுவோர், சர்வீஸுக்கு முன் பழைய மென்பொருளை ஏற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நம்புகிறார்கள். பல கார்களின் இசியு, தன் மேல் எத்தனை முறை மென்பொருள் எழுதப்பட்டது என்ற எண்ணிக்கையைத் தனியாக வைத்திருக்கும். பழையதைத் திரும்ப ஏற்றினால் அந்த எண்ணிக்கை குறையாது, இன்னும் ஒன்று கூடும். மென்பொருளின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டுப் பெறும் சரிபார்ப்பு எண் ஒன்றும் உண்டு. கம்பெனியின் பதிவிலுள்ள எண்ணோடு அது பொருந்தாவிட்டால் உடனே தெரிந்துவிடும். சில கம்பெனிகள் அந்தச் சேசிஸ் எண்ணுக்கு நேரே ஒரு குறியீட்டைப் பதிந்துவிடுகின்றன. பிறகு எந்த ஷோரூமுக்குப் போனாலும் அது திரையில் நிற்கும். சென்சாருக்கும் இசியுவுக்கும் நடுவில் செருகும் சிறு பெட்டிகள் மென்பொருளைத் தொடுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அவை அழுத்தத்தைக் குறைத்துக் காட்டி இசியுவை ஏமாற்றுவதால், உள்ளே டர்போவும் பிஸ்டனும் கிளட்சும் சுமக்கும் பாரம் கூடவே செய்கிறது. உருகிய பிஸ்டனைப் பிரித்து மேசையில் வைத்த பிறகு, பெட்டியைக் கழற்றி வைத்ததால் பெரிய பயன் இருக்காது. ரீமேப் செய்துதான் ஆக வேண்டும் என்பவர், எஞ்சின், டர்போ, கிளட்ச், கியர்பாக்ஸ் ஆகியவற்றின் வாரண்டியைக் கைகழுவியதாகவே எண்ணிக்கொண்டு செய்யட்டும். அந்தக் கணக்கு கட்டுப்படியானால் தடையில்லை.

சக்கரங்களில் அழகை மட்டும் பார்த்து அளவை மறப்பது அடுத்தது. 205/55 ஆர்16 (அகலம் மி.மீ.யில், பக்கச்சுவரின் உயரம் அகலத்தின் சதவீதத்தில், ரிம் அங்குலத்தில்) டயரின் வெளிவிட்டம் ஏறத்தாழ 632 மி.மீ.; 225/45 ஆர்17 போட்டால் 634 மி.மீ. வருகிறது, வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதல்ல. அதே 17 அங்குல ரிம்மில் 225/55 டயரைப் போட்டால் 679 மி.மீ. ஆகிவிடும். சக்கரம் ஒரு சுற்றில் கடக்கும் தூரம் ஏழு சதவீதத்துக்கு மேல் கூடுவதால், ஸ்பீடோமீட்டர் முன்பு காட்டியதைவிடக் குறைத்துக் காட்டும், கியர்பாக்ஸின் கணக்கும் மாறும். நான்கு சக்கரமும் இயங்கும் கார்களில் முன்னும் பின்னும் வெவ்வேறு விட்டம் போடுவது, முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பகிரும் டிரான்ஸ்ஃபர் கேஸைத் தெரிந்தே தேய்ப்பதாகும். சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவே ஸ்பேசர் என்ற வளையத்தை வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளினால் ஹப் பேரிங் மீது சாய்வுப் பாரம் ஏறும். காரைத் தாழ்த்தினாலும் உயர்த்தினாலும் டிரைவ் ஷாஃப்ட் மூட்டுகள் வடிவமைக்கப்படாத கோணத்தில் சுழலும். இந்தப் பாகங்கள் பழுதானால் வாரண்டி மறுக்கப்படும் என்று எதிர்பார்த்துத்தான் இறங்க வேண்டும்.

ஏர் ஃபில்டரை மாற்றிக் காற்றுக் குழாயைத் தாழ்வாக வைப்பவர்கள், தேங்கிய நீரில் கார் இறங்கும் நாளை நினைத்துப் பார்ப்பதில்லை. நீர் அமுங்காது; சிலிண்டருக்குள் புகுந்த நீரை அமுக்கப் பார்க்கும் பிஸ்டனின் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையோ டீசல் துகள் வடிகட்டியையோ எடுத்துவிடுவது பல நாடுகளில் சட்ட விரோதமே என்பதால் அதைப் பற்றி நீட்டத் தேவையில்லை.

ஒன்றும் செய்யாது என்று தோன்றும் அலங்காரங்களில் பெரும்பாலானவை உண்மையிலேயே ஒன்றும் செய்வதில்லை. இரண்டில் மட்டும் கவனம் வேண்டும். இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள கார்களுக்கு, அந்த இடத்தில் பிரியும்படி தைக்கப்படாத சீட் கவரைப் போட்டால் அது விரிய வேண்டிய கணத்தில் தடைப்படலாம். இது வாரண்டியைவிட உயிர் சம்பந்தப்பட்டது. அடித்தளத்தில் துருத் தடுப்புப் பூச்சு அடிப்பவர், கதவுக்கும் அதன் வாசற்படித் தகட்டுக்கும் கீழேயுள்ள வடிகால் துளைகளை அடைத்துவிட்டால், உள்ளே தேங்கும் நீரே துருவை உண்டாக்கும். பூச்சுக்காகத் தகட்டில் புதிதாகத் துளை போட்டால் துரு வாரண்டிக்கு அங்கேயே சிக்கல் தொடங்கும்.

கடைசியாக, மறுப்பு வரும்போது நடந்துகொள்ளும் விதத்தில் பலர் தவறுகிறார்கள். கவுன்டரில் சத்தம் போட்டுவிட்டு, கோபத்தில் பணத்தைக் கட்டிக் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதன்பின் வழக்குக்கோ புகாருக்கோ ஆதாரம் மிஞ்சாது. எந்தப் பாகம் பழுது, எந்த மாற்றம் எவ்வகையில் காரணம், வாரண்டியின் எந்தப் பிரிவின்படி மறுப்பு என்ற மூன்றையும் எழுத்தில் கேட்க வேண்டும். "வண்டியில் மாற்றம் உள்ளது" என்ற ஒற்றை வரியோடு நின்றால் அது பதிலாகாது என்று கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். சர்வீஸுக்கு விடும்போது குறைகளை எழுதும் ஜாப் கார்டில், சொன்ன குறை சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். பழுதான பாகத்தைப் பிரிப்பதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொள்வதும், சொந்தச் செலவில் மாற்ற நேர்ந்தால் பழைய பாகத்தை டிக்கியில் போட்டுத் தரச் சொல்வதும் அவசியம். அது பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டால், வெளியில் ஒரு பொறியாளரிடம் காட்டிக் காரணம் கேட்கக் கையில் எதுவும் இருக்காது.