"வயிறு வலிக்குது" என்பது போதாது: எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்கள் வலிக் குறிப்பு எழுதும் முறை

கல்யாணம் ஆனால் சரியாகிவிடும், ஒரு பிள்ளை பெற்றால் வலி போய்விடும் என்று காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தில் ஆச்சிமார் சொல்வதுண்டு. அக்கறையில் சொல்வதுதான், ஆனால் எண்டோமெட்ரியோசிஸுக்கு அது வைத்தியம் ஆகாது. கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு சினைப்பை, குடல், மூத்திரப்பை பக்கம் வளர்ந்து அழற்சியும் தழும்பும் உண்டாக்கும் நோய் இது. குழந்தை பெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

மருத்துவரிடம் காட்ட ஒரு நோட்டு வாங்கி, மூன்று மாதவிடாய்ச் சுற்றுக்கு வலியைத் தினமும் எழுதுங்கள். தீட்டு இல்லாத நாட்களையும் விடக்கூடாது. இடையில் வரும் வலியும் முக்கியமான துப்பு. ஒரு நாளுக்கு இவ்வளவு போதும்:

"14ஆம் தேதி, தீட்டு 2ஆம் நாள். வலி 10க்கு 8. இடது அடிவயிறு, தொடை வரை. மலம் போகையில் குத்தல். மாத்திரை 2, நாப்கின் 6. வேலைக்குப் போகவில்லை."

மலம், சிறுநீர் கழிக்கையிலும் தாம்பத்தியத்தின்போதும் வரும் வலியைக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். நோய் எங்கே இருக்கலாம் என்று மருத்துவருக்குக் காட்டுவதே அவைதான். 10க்கு எத்தனை என்ற வலி எண்ணோடு, செய்ய முடியாமல் போன வேலையையும் எழுதுங்கள். சிகிச்சைக்குப் பின் முன்னேற்றத்தை அளக்க அது வேண்டும்.

ஸ்கேன் நார்மல் என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கி உண்டாகும் சாக்லேட் கட்டி பெரும்பாலும் தெரியும். மேலோட்டமாகப் படர்ந்திருப்பது தெரியாமல் போகும். பிறப்புறுப்பு வழி ஸ்கேன் கூடுதலாகக் காட்டும். அது வேண்டாம் என்பவர்கள் எம்.ஆர்.ஐ. பற்றிக் கேளுங்கள்.

டைனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை 2 மி.கி. எழுதித் தந்தால் தினமும் ஒரே நேரத்தில், இடைவெளி விடாமல் போட வேண்டும். முதல் சில மாதங்கள் திட்டுத்திட்டாக உதிரம் படும். மருந்து கேட்கவில்லை என்று பலர் நிறுத்துவது அப்போதுதான். நிறுத்துமுன் மருத்துவரிடம் பேசுங்கள். மெஃபனமிக் அமிலம் போன்ற வலி மாத்திரையை வலி தொடங்கும்போதே, சாப்பிட்ட பின் போடுங்கள். விரத நாளானாலும் வெறும் வயிற்றில் வேண்டாம். அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வெந்நீர்ப் பையைத் துணி சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். உளுந்தங்களி தாராளமாகச் சாப்பிடலாம், சத்துதான். வளர்ந்த திசுவை அது கரைக்காது.

திடீரென ஒரு பக்கம் தாங்க முடியாத வலியும் வாந்தியும், காய்ச்சலோடு வலி, மயக்கம், நாள் தள்ளிப்போய் வலி: இவற்றில் எது வந்தாலும் நோட்டில் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.